ஜெட்டி விளக்கும் சுதாவின் கொப்பரையும்

நிக்கோபாரின் கட்சால் தீவில் மழைக்காலத்தில் கொப்பரை காயவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. விடிந்ததும் வெயில் பளீரென்று அடிக்கும். ஆகா, இன்றைக்கு நமக்கு நல்ல நாள் என்று தேங்காயை உடைத்து முற்றமெல்லாம் பரப்பிவிட்டு, உள்ளே போய் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் மலைப்பக்கமிருந்து மேகம் ஓடிவந்து கொட்டித் தீர்த்துவிடும். அடுப்புப் புகையில் போட்டு வாட்டலாம்தான். ஆனால் புகை பிடித்துக் கறுத்த கொப்பரையை வியாபாரி மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவான். பூஞ்சணம் பூத்ததையோ வாங்கவே மாட்டான்.

சுதா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் அவள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பம். பால் வெட்டு இல்லாத நேரத்தில் சும்மா உட்கார அவளுக்கு வராது. படகுத்துறையான ஜெட்டியின் முகப்பில், இடுப்பளவு உயரத்து இரும்புச் சட்டத்தில், நான்கு சோலார் பலகைகள் படுத்திருந்தன. வெயிலை வாங்கிப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் பேட்டரிகளுக்குக் கொடுக்கும். இருட்டியதும் ஜெட்டி முனையில் இருக்கும் விளக்கு அந்தப் பேட்டரிகளால் தானாக எரியும். பலகைகள் லேசாகத்தான் சாய்ந்திருக்கும், வைத்த பொருள் உருளாது. மேலே கறுத்த கண்ணாடி. வெயில் பட்டால் தோசைக்கல் மாதிரிச் சுடும். கொப்பரைக்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் எங்கே இருக்கிறது? அரசாங்கமே தனக்காக ஒரு களம் கட்டிக் கொடுத்ததாக நினைத்துச் சுதா தேங்காய் மூடிகளை வரிசையாக அதன்மேல் அடுக்கினாள்.

ஒருநாள் வயர்மேன் பிரவீன்குமார் பார்த்துவிட்டான். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிப் பையன். ஒப்பந்த வேலையில் இங்கே வந்தவன். அக்கா என்பதை இந்தியில் தீதி என்பான்.

"அரே தீதி, அது முறம் இல்ல! அது மேல நிழல் விழுந்தாலே கரண்ட் கம்மி ஆயிரும். எண்ணெய் வேற ஒழுகி பூரா பிசுக்கா ஆகுது. எடுங்க, எடுங்க."

சுதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏன்டா தம்பி, இது என்னா ஒங்க வீட்டு வெயிலா? சும்மா அடிக்கிற வெயிலு. ஒரு ஓரமா என் கொப்பரையும் காஞ்சிட்டுப் போவுது. ஒனக்கு என்னா நட்டம்? அண்ணாச்சிய கேட்டியா நீ? எனக்கு மட்டும் சொல்ல வந்துட்டே!"

அவள் அண்ணாச்சி என்று சொன்னது ஜெட்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சந்திரமோகனை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பேட்டரிப் பெட்டியிலிருந்து ஒரு வயரைத் தம் கடைக்கு இழுத்து வைத்திருந்தார். மின்சாரம் போனால் அவர் கடை டிவி மட்டும் ஓடும். வருகிறவர்கள் எல்லாரும் செல்போனைச் செருகிவிட்டு டீ குடிப்பார்கள். சுதாவின் போனும் அங்கேதான் சார்ஜ் ஏறும். இது ஊருக்கே தெரியும், ஒருவரும் தப்பென்று நினைக்கவில்லை. ஓசியில் வருகிற கரண்டுக்கு யார் கணக்குப் பார்ப்பது?

பிரவீன்குமார் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவனும் நமக்கென்ன என்று விட்டுவிட்டான்.

அந்த விளக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுனாமியில் இந்தத் தீவே கடலுக்குள் ஓர் ஆள் உயரம் இறங்கிப்போனது. பழைய ஜெட்டி உடைந்து விழுந்தது. அதன் கான்கிரீட் தூண்கள் இன்றைக்கும் தண்ணீருக்குள் மொட்டை மொட்டையாக நிற்கின்றன. மேலே ஒன்றும் தெரியாது. படகு ஏறிவிட்டால் அடி கிழிந்துவிடும். அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு படகு நுழைகிற அளவுக்குச் சந்து உண்டு. இருட்டில் வருகிறவர்கள் ஜெட்டி விளக்கை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு வந்தால் அந்தச் சந்தில் சரியாக நுழையலாம். முன்பெல்லாம் அந்த விளக்கு பவர் ஹவுஸ் ஜெனரேட்டரில் எரிந்தது. டீசல் கப்பல் வரத் தாமதமானால் விளக்கும் இருக்காது. சோலார் வந்த பிறகுதான் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அது எரிந்தது. புகை கிடையாது, சத்தம் கிடையாது, அதனால் அப்படி ஒன்று இருப்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

அந்த ஆண்டு மழை பிடித்துக்கொண்டது. சுதாவின் மகள் கார்த்திகாவுக்கு மலேரியா. பன்னிரண்டு வயதுப் பெண், காய்ச்சலில் துணி மாதிரித் துவண்டுவிட்டாள். பக்கத்துத் தீவான கமோர்ட்டாவின் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட ஓர் ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். டாக்டரிடம் இந்தியில் பேச சுதாவின் புருஷன் ஒச்சப்பனுக்குத்தான் நன்றாக வரும் என்று அவனே போய் இருந்தான். சுதா இங்கே தனியாக இருந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

தவிப்பில் கொப்பரையை எங்கே பார்ப்பது? பலகைமேல் பரப்பியதை அப்படியே விட்டு, மேலே நீலத் தார்பாயைப் போட்டு நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டாள். மழை விட்டால் தார்பாயை எடுப்போம், வெயில் வந்தால் காயும் என்பது அவள் எண்ணம். மழை விடவே இல்லை. தார்பாயும் எடுக்கப்படவில்லை. வெயிலே இல்லாத நாளில் சோலாருக்கு என்ன வேலை, மூடிக் கிடந்தால்தான் என்ன என்று நினைத்துக்கொண்டாள். இங்கேதான் அவள் தப்பு செய்தாள்.

டீசல் கப்பல் கடல் கொந்தளிப்பால் வரவில்லை. பவர் ஹவுஸில் மிச்சமிருந்த டீசலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கென்று ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். ஊர் இருண்டது. சந்திரமோகன் கடையில்தான் கூட்டம். எல்லாருடைய போனும் அங்கே வரிசையாகத் தொங்கியது. ஓர் இரவு ஜெட்டி விளக்கு மங்கி மங்கி எரிந்ததைச் சந்திரமோகன் பார்த்தார். மழைக்காலம்தானே என்று டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் ஒச்சப்பன் போன் செய்தான்.

"சுதா, புள்ளைக்கி காய்ச்ச விட்டுருச்சி. பேரு வெட்டி வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. கப்பலு பந்த். ஆனா கடலு இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கு. மதியமா மோசஸ் அண்ணன் போட்ல கெளம்புறோம். பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவோம்."

"புள்ள எப்பிடி இருக்கா? போன அவகிட்ட குடுங்க."

"அம்மா, எனக்கு ரசம் வேணும்" என்றாள் கார்த்திகா. குரல் கம்மியிருந்தாலும் அதில் உயிர் இருந்தது. சுதா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

கொஞ்ச நேரத்தில் போன் டவரும் டீசல் இல்லாமல் படுத்துவிட்டது.

ரசம் கொதித்தது. சோறு வெந்தது. கார்த்திகாவின் போர்வையை அடுப்புப் பக்கத்தில் காட்டிச் சூடாக்கி மடித்து வைத்தாள். பிறகு வாசலில் வந்து வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கடலுக்குமேல் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. காற்று சட்டென்று நின்றது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. தீவில் பிறந்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். பெருமழைக்கு முந்தின அமைதி அது. குடையைக்கூட எடுக்காமல் ஜெட்டியைப் பார்த்து ஓடினாள்.

அவள் பாதி வழியில் இருக்கும்போதே மழை அடிக்கத் தொடங்கியது. அந்தமான் நிக்கோபாரில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மெயின்லேண்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து சேர்கிற நேரத்தில் இங்கே விளக்கு வைக்க வேண்டும். அதோடு மழை இருட்டும் சேர்ந்துகொண்டது. ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது கடலுக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

விளக்கு எரியவில்லை.

சுதா கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ இப்போது எரியும், இன்னும் கொஞ்சம் இருட்டினால் எரியும். சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது. அவ்வளவுதான், அதுவும் அணைந்தது.

"ஐயோ" என்றாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். மழையில் பளபளத்துக்கொண்டு, நான்கு கல்லையும் வைத்துக்கொண்டு, அந்த நீலத் தார்பாய் அவள் போட்டது போட்டபடியே கிடந்தது.

மகளையும் புருஷனையும் கடல்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறவள், அந்த நேரத்திலும் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கல்லைத் தள்ளி, தார்பாயை உருவி, கொப்பரையை அதிலேயே வாரிச் சுருட்டி, சந்திரமோகன் கடை ஓரத்துத் தாழ்வாரத்தில் திணித்தாள். மனித மனம் அப்படித்தான். உயிர் போகிற பயத்திலும் அவமானத்துக்கு ஓர் இடம் வைத்திருக்கும். கையெல்லாம் கொப்பரைப் பிசுக்கு. புடவையில் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி! அண்ணாச்சி! வெளக்கு எரியல!" என்று கத்தினாள்.

சந்திரமோகன் ஓடிவந்தார். பின்னால் பிரவீன்குமாரும் வந்தான். அவனும் கடையில்தான் உட்கார்ந்திருந்தான். பேட்டரிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தவன் முகம் தொங்கிப்போனது.

"பேட்டரி கதம். பூரா காலி. ஒரு சொட்டு சார்ஜ் இல்ல."

"என்னடே சொல்லுதே? எதாவது பண்ணி எரிய வையேன்" என்றார் சந்திரமோகன்.

"எதை வச்சு அண்ணாச்சி? பவர் ஹவுஸ்லேர்ந்து இங்க வர்ற லைன்மேல நேத்தே மரம் விழுந்து கெடக்கு. ஜெனரேட்டர ஓட்டினாலும் இங்க வராது."

"அவுங்க வந்துக்கிட்டு இருக்காங்க தம்பி" என்றாள் சுதா. சத்தம் வெளியே வரவில்லை. திரும்பவும் சொன்னாள். "என் புள்ள வந்துக்கிட்டு இருக்கா. நீஞ்சக்கூட ஏலாது அவளுக்கு. ஒடம்புல தெம்பே கெடையாது."

பிரவீன்குமார் தன் பைக்கை ஜெட்டிமேல் கொண்டுவந்து நிறுத்திக் கடலைப் பார்த்து ஹெட்லைட்டைப் போட்டான். மழை அந்த வெளிச்சத்தை வாசலிலேயே விழுங்கிவிட்டது. டார்ச்சைக் காட்டினார்கள். செல்போனைக் காட்டினார்கள். எல்லாம் கைக்கெட்டிய தூரத்தோடு சரி. போன் செய்து, வராதீர்கள், வெளியிலேயே நில்லுங்கள் என்று சொல்லலாம் என்றால் டவர் செத்துக் கிடந்தது.

சுதா கடலைப் பார்த்தாள். சுனாமி வந்த அன்று அவள் கார்த்திகா வயதுப் பெண். மலைமேல் ஏறி ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழே வீடுகள் இருந்த இடத்தில் தண்ணீர் சுழல்வதைப் பார்த்தவள். அன்றைக்கு வந்த பயம் இன்றுவரை முழுதாக விட்டதில்லை. அன்று அவளைத் துரத்தியது கடல். இன்று கடல்மேல் பழி போட முடியாது.

"அதோ!" என்றான் பிரவீன்குமார்.

தூரத்தில் மழைக்குள் ஒரு சின்ன வெளிச்சம். டார்ச். எழும்பி, மறைந்து, திரும்பவும் எழும்பியது. சுதாவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மறுகணம் சந்திரமோகன், "ஏ ஆத்தா, இடதுபக்கமால்லா வாராவ! தூணு கெடக்கு அங்கன!" என்று அலறினார். அந்த வெளிச்சம் நேராகப் பழைய ஜெட்டித் தூண்கள் இருக்கும் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"மோசஸண்ணா! வராதீங்க! தூணு, தூணு!" மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். காற்று அவர்கள் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. கத்தியது அவர்கள் காதுக்கே திரும்பி வந்தது.

சுதா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையை முகத்துக்கு நேரே பார்த்தாள். அழுத கண்ணீரும் மழையும் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடின. கொப்பரை எண்ணெய்.

"அண்ணாச்சி, மண்ணெண்ண இருக்கா?"

"எதுக்கும்மா?"

"இருக்கா இல்லியா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. தாழ்வாரத்தில் அவளுடைய கொப்பரை மூட்டைகள் அடுக்கியிருந்தன. பருவம் முழுக்கக் காயவைத்துச் சேர்த்தது. கப்பல் வந்ததும் போர்ட் பிளேர் போக வேண்டியது. அதை நம்பித்தான் கார்த்திகாவை அங்கே ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைக்க இருந்தார்கள். சுதா ஒரு மூட்டையை முதுகில் ஏற்றினாள். ஜெட்டி முனையில் தார் காய்ச்சிய பாதி டிரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பிரவீன்குமாருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அதை நிமிர்த்தி விளக்குக் கம்பத்தடிக்கு இழுத்தான். சுதா மூட்டையின் வாயைக் கிழித்து அதில் கொட்டினாள். சந்திரமோகன் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் கொடுத்துவிட்டு, கடைக்கூரையிலிருந்து ஒரு தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து மழைக்கு மறைவாகத் தலைமேல் பிடித்தார். கூரை ஒழுகுமே என்ற யோசனை அந்த நேரத்தில் அவருக்கும் இல்லை.

முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பிரவீன்குமார் சுதாவிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, தன் சட்டைத் துணியைக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்து, கொளுத்தி உள்ளே போட்டான். புகைந்தது. புகைந்துகொண்டே இருந்தது. "புடி, புடி, புடி" என்று சுதா குலதெய்வத்தைக் கெஞ்சுவதுபோல டிரம்மிடம் கெஞ்சினாள். எண்ணெய் கசிந்து ஒரு சீறல் கேட்டது. பிறகு குப்பென்று பிடித்தது.

காய்ந்த கொப்பரை எரிகிற தீயை மழை அவ்வளவு லேசில் அணைக்க முடியாது. ஆள் உயரத்துக்குமேல் எழும்பி மஞ்சளாக ஆடியது. சந்திரமோகன் தகரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்கு ஓடினார். கொட்டக் கொட்டத் தீ வளர்ந்தது. முகம் வெந்தது, முதுகு மழையில் உறைந்தது. சுதா தீயைப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்ச் வெளிச்சம் காணவில்லை.

"எங்க? எங்க காணோம்? தம்பி, எங்கடா காணோம்?"

"அலைக்குப் பின்னால இருப்பாங்க தீதி. இருங்க."

"காணோமேடா! ஐயோ, முட்டிருச்சா? சத்தம் கேட்டிச்சா ஒனக்கு?"

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அலை ஜெட்டியில் மோதுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. சுதா தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாள். வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை, "என்னாலதான், என்னாலதான்" என்றுதான் வந்தது. நல்லவேளையாக அது யார் காதிலும் விழவில்லை.

அப்போது என்ஜின் சத்தம் கேட்டது. தீ வெளிச்சம் போய்ச் சேர்கிற தூரத்தில், வலதுபக்கமாக, சந்துக்கு நேர் எதிரே படகின் மூக்கு தெரிந்தது.

கயிற்றை வீசியதும் கட்டியதும் யாரென்று சுதாவுக்கு நினைவில்லை. கார்த்திகாவை ஆஸ்பத்திரிப் போர்வையோடு சேர்த்து ஒச்சப்பன் மேலே தூக்கிக் கொடுத்ததும், அவள் குளிரில் பல் கிட்ட "அம்மா, ரசம் வச்சியா?" என்று கேட்டதும்தான் நினைவிருக்கிறது. சுதா மகளை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

படகோட்டி மோசஸ் நிக்கோபாரிக்காரர், நாற்பது வருஷம் இந்தக் கடலில் ஓட்டியவர். "ஆக் கிஸ்னே லகாயா?" என்று கேட்டார். தீ மூட்டியது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நம்ம தங்கச்சிதாம்" என்று சந்திரமோகன் சுதாவைக் காட்டினார். "அவ கொப்பரையத்தனையும் கொட்டிட்டாய்யா."

மோசஸ் தொப்பியைக் கழற்றினார். ஒச்சப்பன் பெண்டாட்டியைப் பார்த்துக் கையெடுத்தே கும்பிட்டுவிட்டான். "வெளக்கில்லாம எந்தப் பக்கம்னே தெரியாம போயிருச்சி சுதா. தூணு ஒண்ணு போட்ட ஒரசியே போச்சி. அந்நேரந்தான் நெருப்பு தெரிஞ்சிச்சி. இல்லேன்னா..."

அப்படியே இருந்திருந்தால் சுதா அந்த ஊரில் ஒரு தெய்வமாகியிருப்பாள். மழையில் அந்தத் தார்பாயை யாரும் கவனித்திருக்கவில்லை. இப்போது அது சுருட்டித் தாழ்வாரத்தில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மகளின் சூடு நெஞ்சில் பட்டுக்கொண்டிருக்கும்போது அவளால் அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை.

"என்னைய கும்பிடாதீங்க" என்றாள். "தீ வச்சதும் நான்தான். வெளக்க அணைச்சதும் நான்தான். அந்த சோலாரு மேல கொப்பரைய பரப்பி, தார்பாயப் போட்டு மூடி வச்சதே நான்தான். மழயில வெயிலே இல்லியே, அது மூடிக் கெடந்தா என்னான்னு நெனைச்சிட்டேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிரவீன்குமார்தான் முதலில் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை.

"மேகம் இருந்தாலும் கொஞ்சமாச்சும் ஏறும் தீதி. பகல் வெளிச்சம் இருந்தா போதும், ஒரேயடியா நிக்காது. மூடிட்டாத்தான் சுத்தமா நின்னுரும். ரெண்டு தடவ சொன்னேன், திட்டினீங்க, சரி போங்கன்னு விட்டுட்டேன். விட்டது என் கல்தி, என் தப்பு."

சந்திரமோகன் தலையைக் குனிந்துகொண்டார். "அவ ஏறவிடாம பண்ணா. நான் இருந்ததயும் உறிஞ்சிட்டேன். இன்னைக்குப் பூரா டிவி ஓடிச்சுல்லா?" என்றவர், மறுவார்த்தை பேசாமல் பேட்டரிப் பெட்டிக்குப் போய்த் தம் கடை வயரைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. பிரவீன்குமார் கழற்றிக் கொடுத்தான்.

கப்பல் வந்தது, டீசலும் வந்தது. பிறகு ஒருநாள் ஜெட்டியில் எல்லாரும் கூடியபோது பிரவீன்குமார் ஒளிக்காமல் சொன்னான். "சோலார் ஒண்ணும் மந்திரம் இல்ல. வாரக்கணக்கா மழ புடிச்சா அதுவும் சோர்ந்துரும். உப்புக்காத்துல பேட்டரி சீக்கிரம் சாகும். செத்த பேட்டரிய கடல்ல வீசவும் கூடாது, உள்ள இருக்கறது விஷம். போர்ட் பிளேருக்குத் திருப்பி அனுப்பணும். அதனால ஜெட்டிக்குன்னு சின்ன ஜெனரேட்டர் ஒண்ணும் கொஞ்சம் டீசலும் தனியா வச்சுக்கணும். ஆனா கப்பல் வராத நாள்ல நமக்குன்னு இருக்கறது இந்த நாலு பலகைதான். அத நாம பாத்துக்கிட்டா அது நம்மள பாத்துக்கும்." டீசலுக்குப் பொறுப்பு சந்திரமோகன் என்றும், பலகைக்குப் பொறுப்பு சுதா என்றும் முடிவானது. சுதாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மழை வெறித்த ஒரு காலையில் அவள் நல்ல தண்ணீரும் மெத்தென்ற துணியுமாகப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. கார்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ஹாஸ்டல் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அப்போது பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு முறம் நிறையத் தேங்காய் மூடிகளோடு வந்தாள்.

"நல்ல வெயிலுடி சுதா. நாலு பலகைல ஒரே ஒரு மூலைல மட்டும் பரப்பிக்கிறேன். பொழுது சாய எடுத்துருவேன். சும்மா அடிக்கிற வெயிலுதானே, யாருக்கு என்னா நட்டம்?"

அன்று பிரவீன்குமாரிடம் தான் சொன்ன வார்த்தையே திரும்பி வந்தது சுதாவுக்குப் புரிந்தது. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெயிலு சும்மாதான் அடிக்குது சின்னம்மா. வெளக்கு சும்மா எரியாது. அதுக்கு ஆளு வேணும். யாராவது பாத்துப்பாங்கன்னு ஊரே நெனைச்சோம், யாருமே பாக்கல." மகளின் தலையில் கையை வைத்தாள். "நீங்க கேக்குற அந்த ஒரு மூலை தர்ற வெளிச்சத்த நம்பித்தான் அன்னைக்கி என் புள்ள வந்துக்கிட்டு இருந்தா."

சின்னம்மா கார்த்திகாவைப் பார்த்தாள். முறத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தன் முற்றத்துக்கே திரும்பிப் போனாள்.